வயிறு தெரியும் முன்பே



ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையே காவடியாக நிறையும்போது, தீயணைப்பு வீரர்கள் காவல் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள், மணவூர் மக்களாகிய நீங்கள். 2003இல் பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் தீயணைப்புத் துறையில் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். 2012 ஜனவரியில் சென்னை எழிலக வளாகம் எரிந்தபோது உள்ளே போன பிரியா பலத்த காயத்தோடு மீண்டார். வீரர் ஒருவர் உயிரிழந்தார். பெண்ணால் முடியுமா என்ற கேள்வி அன்றோடு தீர்ந்தது. அவள் கருவுற்றிருந்தால் என்ன செய்வது என்பதற்கு இன்னும் நம்மிடம் சரியான பதில் இல்லை.

அந்தப் பதில் ஏன் வேண்டும் என்பதற்கு, தீ அணைந்த பிறகு நடப்பதைச் சொல்கிறேன். ஜுவாலை அடங்கியதும் முகமூடியைக் கழற்றிவிட்டுச் சாம்பலைக் கிளறுவார்கள். உள்ளே மரமும் துணியும் கனன்றுகொண்டிருக்கும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கருவின் ரத்தம் அதைத் தாயின் ரத்தத்தைவிட இறுகப் பிடித்துக்கொள்ளும், மெதுவாகத்தான் விடும். தாய் தலைவலி தெளிந்து தேநீர் குடிக்கும் நேரத்திலும் பிள்ளை ஆக்சிஜனுக்குத் தவித்துக்கொண்டிருக்கும். இதோடு உடல் சூடு, காற்று உருளையின் சுமை, இரவுப் பணி. கழுத்துப்பட்டையில் ஒட்டிய கரி வீடுவரை வரும். தீயணைப்புத் தொழிலே புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் அறிவித்துவிட்டது.

அமெரிக்கத் தீயணைப்புப் பெண்களிடம் கருச்சிதைவு, செவிலியரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று ஓர் ஆய்வு கண்டது. முதல் ஆறு மாதங்களுக்குள் களப்பணியைக் குறைத்தவர்களுக்குக் குறைப்பிரசவம் குறைவு என்றது இன்னொன்று. 2020இல் உலகில் 37 வாரம் நிறையுமுன் பிறந்த குழந்தைகள் 1 கோடியே 34 லட்சம். ஏறக்குறைய 30 லட்சம் நம் நாட்டில். இன்குபேட்டருக்கு வெளியே நிற்கும் தகப்பனின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணின் கனம் தெரியும்.

கடினவேலை கூடாது என்று கேட்கும் உரிமையை 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் கருவுற்ற பெண்ணுக்குத் தந்தது, பேற்றுக்கு முந்தைய பத்து வாரங்களுக்குத்தான். தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு உண்டு, நல்ல காரியம். ஆனால் புகை அந்தக் கடைசிப் பத்து வாரங்களுக்குக் காத்திருப்பதில்லை. நாள் தள்ளிப்போன அன்றே தீயணைப்புப் பெண் தன் அதிகாரியிடம் சொல்ல வேண்டும். சொன்னால் ஓரங்கட்டிவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் வயிறு தெரியும்வரை வாயைத் திறக்க மாட்டாள். அதற்காகப் பெண்ணே வேண்டாம் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். கட்டுப்பாட்டு அறை, கட்டடங்களுக்குத் தடையின்மைச் சான்று தரும் ஆய்வு, பள்ளிகளில் ஒத்திகை என்று புகையில்லாத வேலை துறையிலேயே இருக்கிறது. சம்பளமும் பணிமூப்பும் குறையாமல், கேட்ட அன்றே அது கிடைக்க வேண்டும்.

மருத்துவத் துறையினரும் தீயணைப்புத் துறையினரும் பிற்பகல் அமர்வில் இதற்கான விதியை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அதை முடித்து எல்லோரும் கையெழுத்திட்ட பிறகு ரயிலேறலாம் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.