எட்டும் மூன்றும்: ஒரு பருவம் விசில் ஊதிய கதை

(விசுவமடுவில் நடந்த தொழிலாளர் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



தலைவர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது சம்பளத்தைப் பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்திருப்பார். அதற்கும் வருவேன். ஆனால் இன்றைக்குப் பந்து விளையாட்டிலிருந்து தொடங்குகிறேன். ஏப்ரல் விடுமுறையிலும் ஆகஸ்ட் விடுமுறையிலும் இந்த ஊர் மைதானத்தில் உதைபந்தாட்டத்துக்கு விசில் ஊதினேன். அந்த ஒரு பருவத்தில் படித்ததை, பத்து வருசம் சங்க வேலை செய்தும் நான் படிக்கவில்லை.

புதிதாக வந்தவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. எங்கள் தாத்தா தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். 1977 கலவரத்துக்குப் பிறகு ஒரு றங்குப் பெட்டியோடு வன்னிக்கு வந்தார். 1958, 1977, 1981 என்று ஒவ்வொரு அடிக்குப் பிறகும் நம்முடைய சனம் இந்தப் பக்கம் வந்தது. காடு வெட்டியது, மிளகாய் நட்டது, கூலிக்குப் போனது. 2009 தை மாதக் கடைசியில் பரந்தன் முல்லைத்தீவு வீதியால் கிழக்கே நடந்த சனத்தோடு நாங்களும் நடந்தோம். பிறகு முகாம், பிறகு திரும்பவும் இதே விசுவமடு. எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது தாத்தா விட்டு வந்த அதே மலையில், ஒரு தோட்டப் பாடசாலையில். அங்கேதான் சங்கத்துக்கும் வந்தேன்.

இனி விசிலுக்கு வருவோம். இங்கே சுற்றியுள்ள ஊர்ப் பொடியன்கள் விடுமுறைக் காலத்தில் ஒரு சுற்றுப்போட்டி வைப்பார்கள். ஒவ்வொரு வருசமும் மத்தியஸ்தரால்தான் சண்டை. அவர் அந்த ஊர், இவர் இந்த ஊர், அவருடைய மருமகன் முன்னணியில் விளையாடுகிறான் என்று. அதனால் என்னைப் பிடித்தார்கள். "சேர், நீங்கள்தான் எந்தப் பக்கமும் இல்லாத ஆள்" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சங்கக்காரனைப் பார்த்துப் பக்கம் இல்லாதவன் என்று சொன்னதை அன்றைக்குத்தான் முதல் தரம் கேட்டேன். ஒரு ஆட்டத்துக்கு ஆயிரம் ரூபா, ஒரு சோடா, ஒரு பணிஸ்.

முதல் ஆட்டத்தில் நான் நடுவட்டத்திலேயே நின்றேன். வயிறு கொஞ்சம் போட்டுவிட்டது, ஓட முடியவில்லை. கோல் பக்கத்தில் யார் கையில் பந்து பட்டது, யார் காலை வாரினான், எதுவும் தெரியவில்லை. சத்தத்தைக் கேட்டு ஊதினேன். பெரிய சத்தம் போட்ட பக்கத்துக்கு ஃப்ரீ கிக். ஆட்டம் முடிந்ததும் ஒரு கிழவர் வந்து, "தம்பி, நீர் நிண்ட இடத்தில பாயைப் போட்டுப் படுத்திருக்கலாம்" என்றார். அடுத்த நாளிலிருந்து விடியற்காலை ஓடத் தொடங்கினேன். மத்தியஸ்தர் மைதானத்தை மூலைக்கு மூலை குறுக்காக ஓட வேண்டும், பந்தும் கோட்டில் நிற்கும் உதவியாளரும் இரண்டு பக்கமும் கண்ணில் பட வேண்டும் என்பதைப் பிறகுதான் பழகினேன். பங்களாவில் இருந்துகொண்டு மலையில் நடந்ததைத் தீர்ப்புச் சொல்கிற ஆட்களை நாம் எத்தனை முறை திட்டியிருக்கிறோம்! நானும் அப்படித்தான் நின்றிருக்கிறேன்.

மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை எல்லோருக்கும் தெரியும். அது வந்த கதை தெரியுமா? 1966 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்தும் ஆர்ஜன்டினாவும் ஆடின. மத்தியஸ்தர் ஜெர்மன்காரர். ஆர்ஜன்டினாத் தலைவர் ரத்தீனை வெளியே போகச் சொன்னார். மத்தியஸ்தருக்கு ஸ்பானிஷ் தெரியாது, ரத்தீனுக்கு ஜெர்மன் தெரியாது. ஏன் போகச் சொல்கிறீர், மொழிபெயர்க்க ஆளைக் கூப்பிடும் என்று அவர் பல நிமிடம் மைதானத்தை விட்டு அசையவில்லை. மத்தியஸ்தர்களுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டன் என்பவர் வீதியின் சமிக்ஞை விளக்கைப் பார்த்து, மஞ்சள், சிவப்பு என்று நிறத்தைக் காட்டினால் எந்த மொழிக்காரனுக்கும் விளங்குமே என்று யோசித்தார். 1970 மெக்சிக்கோ உலகக் கிண்ணத்தில் அட்டைகள் வந்தன. அந்த ஆஸ்டன் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நிறம் விளங்கினால் போதுமா? நம்முடைய அம்மாமாருக்குக் கொடுக்கிற குற்றப் பத்திரிகை பல தடவை அவர்கள் வாசிக்க முடியாத மொழியில் வருகிறது. கையெழுத்து வை என்கிறார்கள், வைக்கிறார்கள். வேலை நிற்பாட்டம் என்பது மட்டும் விளங்கும். எதற்கு என்பது விளங்காது. ரத்தீன் கேட்டது அந்த "எதற்கு"வைத்தான்.

இப்போது நான் பிழை விட்ட கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் எழும்பினேன்.

அரையிறுதி. ஞாயிற்றுக்கிழமை மைதானம் கிடைக்காமல் வியாழக்கிழமை வைத்தார்கள். சோளகம் அடிக்கிற காலம், மைதானம் முழுக்கப் புழுதி. மஞ்சள் சட்டை அணிக்கும் நீலச் சட்டை அணிக்கும் ஆட்டம், ஒன்றுமில்லைக்கு ஒன்றுமில்லை. இரண்டாம் பாதியில் நீலச் சட்டைக்காரன் ஒருவன் தனியாகப் பந்தோடு ஓடும்போது, மஞ்சள் சட்டை ஒன்று பின்னாலிருந்து வந்து காலை வெட்டியது. புழுதி எழும்பியது. நான் ஓடி வரும்போது முதுகில் மூன்று என்ற இலக்கம் தெரிந்தது. மூன்றாம் இலக்கத்துக்கு ஏற்கெனவே ஒரு மஞ்சள் இருந்தது. இரண்டாவது மஞ்சள், பிறகு சிவப்பு.

பொடியன் ஓடி வந்தான். "சேர், நானில்லை. சத்தியமா நானில்லை சேர்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது. வெளியில போ" என்றேன்.

தோழர்களே, அந்த வசனத்தை நான் எத்தனை உள்ளக விசாரணைகளில் கேட்டிருக்கிறேன்! மேசைக்கு இந்தப் பக்கம் தொழிலாளியோடு உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். "நான் இல்லீங்க ஐயா" என்று நம்முடைய ஆள் சொல்வார். அந்தப் பக்கம் இருப்பவர் எழுதிக்கொண்டே, நிமிர்ந்தும் பார்க்காமல், எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க என்பார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறும். அன்றைக்கு என்னுடைய வாயிலிருந்தே அது வந்தது. வந்தது கூட அப்போது எனக்குத் தெரியவில்லை. மறுபடி பந்தை வைத்து ஆட்டத்தைத் தொடங்கிவிட்டேன். ஆட்டம் தொடங்கிவிட்டால் மத்தியஸ்தர் கொடுத்த முடிவை மாற்ற முடியாது, அது சட்டம். பத்துப் பேரோடு ஆடிய மஞ்சள் அணி ஒரு கோலால் தோற்றது.

இரவு அக்காவின் மகன் போனைக் கொண்டுவந்து காட்டினான். யாரோ வேலியோரம் நின்று எடுத்த வீடியோ. காலை வெட்டியவன் எட்டாம் இலக்கம். சட்டையில் ஒட்டிய எட்டின் இடது பக்கம் உரிந்து போயிருக்கிறது. உரிந்த எட்டு, மூன்று மாதிரித்தான் இருக்கிறது.

படுத்தேன், நித்திரை வரவில்லை. இப்படிப் பெரிய இடங்களிலும் நடக்கும். 2014இல் இங்கிலாந்தில் செல்சியும் ஆர்சனலும் ஆடியபோது பந்தைக் கையால் தடுத்தவர் ஒக்ஸ்லேட்-சேம்பர்லேன், சிவப்பு அட்டை வாங்கியவர் கிப்ஸ். தடுத்தவரே நான்தான் என்று சொல்லியும் மத்தியஸ்தர் மாற்றவில்லை. பிறகு சங்கம் அந்த அட்டையை நீக்கியது. இதையெல்லாம் நினைத்து எனக்கு நானே ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். ஆறவில்லை. அங்கே பிழை செய்தவன் தானாக வாய் திறந்தான். இங்கே எட்டாம் இலக்கம் வாயே திறக்கவில்லை.

ஆட்ட அறிக்கை இரண்டு நாளுக்குள் கொடுக்க வேண்டும். நடத்துகிறவர்களில் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "சேர், எழுத வேண்டாம். நீங்களே பிழை எண்டு எழுதினா இனி ஆர் உங்கட விசிலுக்கு நிப்பான்? முடிஞ்ச ஆட்டம்தானே" என்றார். நல்ல மனிசன், போட்டி குழம்பாமல் முடிய வேண்டும் என்ற கவலை அவருக்கு. எனக்கும் ஒரு கணம் அதுதான் சரி என்று பட்டது. ஆனால் மூன்றாம் இலக்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் இருந்தது. சிவப்பு அட்டையோடு அதில் இறங்க முடியாது.

எழுதினேன். மூன்றாம் இலக்கம் குற்றம் செய்யவில்லை, நான் பார்த்தது பிழை, செய்தது எட்டாம் இலக்கம் என்று பெயரோடு எழுதினேன். மூன்றாம் இலக்கத்தின் தடை நீங்கியது, எட்டாம் இலக்கத்துக்குத் தடை வந்தது. அரையிறுதி முடிவு மாறவில்லை. இறுதி ஆட்டத்துக்கு வேறு மத்தியஸ்தர் போட்டார்கள், எனக்குக் கோட்டில் கொடி பிடிக்கிற வேலை. அது நியாயம்தான் என்றும் தோன்றியது, கொஞ்சம் கோபமும் இருந்தது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் இலக்கத்தின் தாய் இன்னமும் என்னோடு கதைப்பதில்லை. கடையில் கண்டால் முகத்தைத் திருப்புகிறார்.

சனிக்கிழமை பின்னேரம் மூன்றாம் இலக்கத்தின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவனுடைய அம்மம்மா மலையில் கொழுந்து எடுத்தவர், பேச்சு இன்னும் மாறவில்லை. "சார், ஒங்க தராசு பரவால்லீங்க. அங்க மடுவத்துல சாக்குக்குக் கழிப்பான், தண்ணிக்குக் கழிப்பான், கழிச்சது தப்புன்னு ஒருநாளும் எழுதித் தந்ததில்ல" என்றார். பொடியன் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: "கார்ட் பரவாயில்ல சேர். அண்டைக்கு வேலையை விட்டுட்டு வந்தனான். ரெண்டாயிரத்து ஐந்நூறு."

மேசன் வேலைக்குக் கையாளாகப் போகிற பொடியன். வியாழக்கிழமை ஆட்டம் என்றால் வியாழக்கிழமைக் கூலி இல்லை. நான் விசில் ஊத ஆயிரம் வாங்கினேன். அவன் விளையாட இரண்டாயிரத்து ஐந்நூறு கொடுத்திருக்கிறான். போட்டி முழுக்க இந்தக் கணக்கு ஒருவருடைய மண்டையிலும் ஏறவில்லை, என்னுடையதிலும்தான்.

மலையில் ரக்பி என்றால் துரைமார் விளையாட்டு. திம்புள்ள, டிக்கோயாத் துரைமாரின் கழகங்கள் ராதெல்லையிலும் தரவளையிலும் ஆடின. நம்முடைய பெரியவர்களுக்கு அது வேலிக்கு வெளியே நின்று பார்க்கிற ஆட்டம். ஆனால் அதே ரக்பி இங்கிலாந்தின் வடக்கில் சுரங்கத் தொழிலாளியும் ஆலைத் தொழிலாளியும் விளையாடிய ஆட்டம். அங்கே சனிக்கிழமையும் வேலை. வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் அரைப்பேர்கூட விழாது. இழந்த கூலியையாவது தாருங்கள் என்று வடக்குக் கழகங்கள் கேட்டன. 'புரோக்கன் டைம்' என்பது அந்தக் கூலிக்கு அவர்கள் வைத்த பெயர். விளையாட்டுக்குக் காசு வாங்குவது இழிவு என்று 1893இல் ரக்பிச் சங்கம் மறுத்தது. மறுத்தவர்களில் பலர் கூலியை நம்பிச் சீவிக்காத ஆட்கள். 1895 ஓகஸ்ட் 29ஆம் திகதி வடக்குக் கழகங்கள் ஹடர்ஸ்பீல்ட் நகரத்து ஜோர்ஜ் ஹோட்டலில் கூடித் தனியாகப் பிரிந்தன. ஒரு நாளைக்கு ஆறு ஷில்லிங் வரை இழந்த கூலி கொடுக்கலாம் என்று வைத்தன. ரக்பி லீக் என்று இன்றைக்கு உலகம் முழுக்க ஆடுகிற ஆட்டம் அதிலிருந்து வந்தது. அணிக்குப் பதின்மூன்று பேர் என்பதெல்லாம் பிறகு, 1906இல் வந்த மாற்றம். பிரிந்தது ஒரு நாள் கூலிக்காக.

2021 மார்ச்சில் ஆயிரம் ரூபா வர்த்தமானியில் வந்ததும் பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கிலோவைக் கூட்டினார்கள், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கிலோ குறைந்தால் அரைப்பேர். அந்த அரைப்பேரை யார் எழுதுகிறார், எந்த இடத்தில் நின்று பார்த்து எழுதுகிறார், பிழை என்றால் எந்தத் தாளில் திருத்துகிறார்? மடுவத்தில் தராசு முள் கொழுந்து கொண்டுவந்தவருக்குத் தெரிய வேண்டும், கழித்த கிலோ துண்டில் தனியாக எழுத வேண்டும். இந்த வருசக் கோரிக்கைகளில் இதை எழுத்தில் கேட்க வேண்டும் என்று நம்முடைய மாதர் தலைவிமார் முன்பே சொன்னார்கள். நான் சின்ன விசயம் என்று நினைத்துத் தட்டிக் கழித்தவன். இப்போது அவர்களோடு நிற்கிறேன்.

போட்டி நடத்துகிற பொடியன்களிடமும் கேட்டிருக்கிறேன். வருகிற வருசம் வேலை நாளில் ஆட்டம் இல்லை, ஞாயிறும் போயாவும் மட்டும். வேறு வழியில்லாமல் வைத்தால், நுழைவுக் காசில் முதல் பங்கு கூலி விட்டு வருகிறவர்களுக்கு. மத்தியஸ்தருக்குப் பிறகு பார்க்கலாம். சட்டை இலக்கத்தை ஒட்ட வேண்டாம், தையுங்கள் என்றும் சொன்னேன். தையல் தெரிந்த ஒரு அக்கா இங்கேயே இருக்கிறார், கூலி பேசிவிட்டோம்.

விசில் பழக விரும்புகிற பிள்ளைகள், முக்கியமாகப் பெண்பிள்ளைகள், சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் பெயர் கொடுங்கள். மலைக்குப் போகிற பஸ் நாலு மணிக்கு. பொதிகளை இப்போதே கட்டிவிடுங்கள்.