பிறேக்குக் குழாய்க்கு ஏற்ற வோசரைத் தெரிந்தெடுத்தல்

(கமக்காரருக்கான பேச்சு)



நெல்மூடை ஏற்றிய சிறு உலொறி ஒன்று குளக்கட்டிலிருந்து இறங்குகின்றதென எண்ணிப் பாருங்கள். சாரதி பிறேக்கை மிதிக்கின்றார். மிதிகட்டை தட்டுவரை தாழ்கின்றது; வண்டியோ நிற்கவில்லை. சில ரூபாவை மிச்சம் பிடிப்பதற்காகத் திரும்பவும் போட்ட ஒரு பழைய வோசரே இத்தகைய ஆபத்துக்குக் காரணமாயிருத்தல் கூடும். ஆகவே, அச்சிறு வளையத்தைப் பற்றி இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

மிதிகட்டையை அழுத்தும்போது உண்டாகும் அமுக்கம் எண்ணெய் வழியாகச் சில்லுகளைச் சென்றடைகின்றது. பல வண்டிகளில், இறப்பர்க் குழாயின் நுனியிலுள்ள வளையத்தலையினூடாகத் துளையுள்ள போல்ற் ஒன்று சென்று பிறேக்கு உறுப்பிற் பூட்டப்படுகின்றது. அவ்வளையத்தலையின் மேலும் கீழும் ஒவ்வொரு வோசர் இருத்தல் வேண்டும். ஒரு பக்கத்தில் இரண்டை அடுக்குதலும், மறுபக்கத்தை வெறுமையாக விடுதலும் பெருந்தவறு.

இவ்வோசர்கள் பெரும்பாலும் செம்பினால் அல்லது அலுமினியத்தினால் ஆனவை. மென்மையே இவற்றின் சிறப்பு. இறுக்கும்போது இவை நசிந்து, இரும்பின் முகத்திலுள்ள நுண்ணிய கீறல்களை நிரப்பி எண்ணெயைத் தடுக்கின்றன. ஒருமுறை நசிந்த செம்பு கடினமாகிவிடும். இன்னொருமுறை அவ்வாறு பொருந்தாது. செம்பைச் சிவக்கக் காய்ச்சினால் மீண்டும் மென்மையாகும் என்பது உண்மையே. ஆயினும் அதன் மேல் கருகிய செதிள் படியும். முன்பு நசிந்த தழும்பும் தடிப்புக் குறைவும் மாறா. ஆதலால் பிறேக்கைக் கழற்றும்போதெல்லாம் புதிய வோசரையே இடுங்கள். அலுமினியத்தைக் காய்ச்ச முயலவே வேண்டாம். அது சிவப்பைக் காட்டாமலே உருகிவிடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. பழைய வோசரையும் போல்ற்றையும் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். மில்லிமீற்றர் அளவும் அங்குல அளவும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும். 10 மி. மீ. போல்ற்றுக்கும் 3/8 அங்குலப் போல்ற்றுக்கும் உள்ள வேற்றுமை அரை மி. மீற்றரளவே.

2. துவாரம் போல்ற்றில் தளர்வாக ஆடக் கூடாது. தடிப்பும் வண்டிக்குரியதாக இருத்தல் வேண்டும்.

3. இறப்பர் விளிம்புள்ள வோசராயின் எண்ணெயின் இனத்தை அறிந்து வாங்குங்கள். டொட் 3, டொட் 4 எண்ணெய்களுக்கு ஏற்ற இறப்பர் கனிய எண்ணெயில் ஊதிக் கெடும். சில உழவு இயந்திரங்களின் பிறேக்குக்குக் கனிய எண்ணெயே உரியது. இயந்திரத்தின் கைந்நூலைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

4. நுனி விரிக்கப்பட்ட இரும்புக் குழாய்களுக்கு வோசர் தேவையில்லை. விரிந்த நுனியே எண்ணெயை அடைக்கின்றது. அங்கே வோசரை நுழைத்தால் ஒழுக்கு உண்டாகும்.

பூட்டுமுன் இரு முகங்களையும் சுத்தமான சீலையாற் துடையுங்கள். டீசலோ மண்ணெண்ணெயோ படலாகாது. அவை உள்ளேயுள்ள இறப்பரைக் கெடுக்கும். புரியில் நூலோ நாடாவோ சுற்ற வேண்டாம். ஒழுகினால் மேலும் மேலும் முறுக்காதீர்கள். உள்ளே துளையுள்ள போல்ற் எளிதில் முறிந்துவிடும். கழற்றி, முகத்தைப் பரிசோதித்து, வேறு புதிய வோசரை இடுவதே முறை.

பூட்டியபின் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுங்கள். பின்னர் ஒருவர் மிதிகட்டையைப் பலமாக அழுத்திப் பிடிக்க, மற்றவர் வெள்ளைக் கடதாசியால் இணைப்பை ஒற்றிப் பார்க்கவேண்டும். கடதாசியில் ஈரம் கண்டாலும், மிதிகட்டை மெல்லத் தாழ்ந்தாலும் வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள். குறைபாடில்லையெனக் கண்டால், முதலிற் பாரமின்றிச் சமதரையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இவ்வேலையில் பழக்கமில்லாதவர்கள் தேர்ந்த பொறிவினைஞரிடம் ஒப்படைத்தலே நன்று.

வோசரின் விலை அற்பம். அது காக்கும் உயிர்களுக்கோ விலையில்லை.