சமய பாடமும் பரீட்சையும்



மைசூரிலிருந்து இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் தெற்கே, கபினி ஆற்றங்கரையில் நஞ்சன்கூடு ஸ்ரீகண்டேஸ்வரர் ஆலயம் உள்ளது. அதன் பிராகாரத்தில் நாயன்மார் அறுபத்துமூவரின் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. அண்மையில் ஒரு ஞாயிறன்று குடும்பத்துடன் அங்குச் சென்றிருந்தோம். நண்பர் ஒருவரின் உறவினளாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த பெண்ணும் உடன் வந்தாள்.

நம் மகள் சிலைகளைக் காட்டி, “இவர்களெல்லாம் யார் அப்பா?” என்று வினவினாள். அப்பர், சம்பந்தர், சுந்தரர், மாணிக்கவாசகர் என்று நாம் தொடங்கியதுதான் தாமதம், யாழ்ப்பாணத்துப் பெண் மெல்லக் குறுக்கிட்டாள்: “மாமா, மாணிக்கவாசகர் அறுபத்துமூவரில் வரமாட்டார்.”

அவள் கூறியதே சரி. சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகையே நாயன்மார் வரிசைக்கு மூலம். சேக்கிழார் பெரியபுராணத்திற்கும் அதுவே அடிப்படை. அதில் மாணிக்கவாசகர் பெயர் இல்லை. அவர் சமயகுரவர் நால்வருள் ஒருவர். அறுபத்துமூவருள் ஒருவர் அல்லர். கலைப்பட்டம் பெற்று நாற்பது வயதும் கடந்த நமக்கு இது தெரிந்திருக்கவில்லை. பதினாறு வயதில் பரீட்சை எழுதிய அப்பெண்ணுக்குத் தெரிந்திருந்தது.

இலங்கையில் கல்விப் பொதுத் தராதரச் சாதாரண தரப் பரீட்சைக்குச் சமயம் ஒரு கட்டாய பாடம். பௌத்தம், சைவநெறி, கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம் என்று அவரவர் சமயத்திற்கேற்பத் தனித்தனி வினாத்தாள் உண்டு. சைவநெறி வினாத்தாளின் முதற்பகுதியில், தரப்பட்ட விடைகளுள் சரியானதைத் தெரிவு செய்யும் நாற்பது வினாக்கள். இரண்டாம் பகுதி எழுத்து விடைகளுக்கு உரியது. எழுபத்தைந்தும் அதற்கு மேலும் பெற்றால் ‘ஏ’. உயர்தர வகுப்பிற்குச் செல்ல ஆறு பாடங்களிற் சித்தியும், அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் வேண்டும். கணிதத்தில் தடுமாறும் பிள்ளைக்குச் சமய பாடத்தின் திறமைச் சித்தி மேற்படிப்பின் வாயிலையே திறந்துவிடக்கூடும். ஆகவே பெற்றோர் அதனை அலட்சியம் செய்வதில்லை. இம்மரபின் வேரும் ஆழமானது. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், வினாவும் விடையுமாகவே சைவத்தைப் பிள்ளைகளுக்கு எழுதி வைத்தார். மிஷன் பள்ளிகளின் முறையை அருகிருந்து கண்டவர் அவர்.

நம் நாட்டு நிலை வேறு. அரசின் பொருளால் மட்டுமே நடைபெறும் கல்வி நிலையத்தில் சமய போதனை கூடாது என்பது அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு. பல சமயத்தவர் ஒரே பலகையில் அமரும் நாட்டில் அது நியாயமான ஏற்பாடு என்பதே நம் கருத்து. எனினும் சமயங்களைப் பற்றிய அறிவே மாணாக்கருக்கு வேண்டாம் என்று எவரும் கூறவில்லை. மைசூர் மகாராஜா கல்லூரியில் ஒருகாலத்தில் தத்துவம் கற்பித்த டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49இல் பணியாற்றிய பல்கலைக்கழகக் கமிஷன், சமயப் பெரியோர் வரலாறுகளைப் பட்ட வகுப்பில் கற்பிக்கலாம் என்றது. சமய போதனை வேறு, சமயங்களைப் பற்றிய கல்வி வேறு என்று 1964-66ஆம் ஆண்டுகளின் கோத்தாரி கமிஷன் பிரித்துக் காட்டியது.

பரீட்சை இருந்திருந்தால் நம் மகளும் அறிந்திருப்பாளே என்ற ஏக்கம் அன்று நமக்கு எழுந்தது உண்மை. சந்நிதிக்கு வந்ததும், “ஒரு தேவாரம் பாடம்மா” என்று அந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணைக் கேட்டோம். அவள் சற்றுத் தயங்கினாள். “எழுதச் சொன்னால் அடி பிழையாமல் எழுதுவேன் மாமா. பொருளும் எழுதுவேன். பாடிப் பழக்கம் இல்லை” என்றாள். அப்பாடத்தில் அவள் பெற்றது ‘ஏ’. பரீட்சை கேட்டதை அவள் குறைவறக் கொடுத்திருக்கிறாள். பாடும்படி வினாத்தாள் கேட்பதில்லை. கேட்டால்தான் அதற்கு எப்படி மதிப்பெண் இடுவது?

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தோம். அவள் இன்று பாடாவிட்டாலும் நாளை தேவாரத்தை எடுத்துத் தானே படித்துக்கொள்ள முடியும். நம் மகளுக்கு அது இயலாது. அவள் அரசுப் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் கற்கிறாள். தமிழ் பேசுவாள், எழுத்தறியாள். நாம் இழந்தது பரீட்சையை அன்று, எழுத்தை. இக்குறைக்கு அரசியலமைப்பின் மீது பழி போட இடமில்லை. மாலையில் அரைமணி நேரம் ஒதுக்காத நம் வீட்டின் மீதுதான் அது சாரும். வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிலும் இதே நிலைதான் என்று அஞ்சுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவ்வடியார்கள் கன்னட நாட்டிற்கு அந்நியர் அல்லர். இங்கு இவர்களைப் புராதனர் என்பர். சுந்தரர் கதையை ஹரிஹரர் ‘நம்பியண்ணன ரகளே’ என்று கன்னடத்தில் பாடினார். கண்ணப்பரையோ, 1954இல் ராஜ்குமார் நடித்து வெளிவந்த ‘பேடர கண்ணப்ப’ படத்தின் வழியே எதிர்வீட்டு முதியவர் நன்கு அறிவார். நம் மகளுக்கு அக்கதையை முதலில் சொன்னவரும் அவர்தாம்!

இப்போது மாலைதோறும் உயிரெழுத்தில் தொடங்கியிருக்கிறோம். அறுபத்துமூவர் பெயர்களையும் அவள் ஒரு நோட்டில் எழுதி வருகிறாள். கன்னட எழுத்தில்தான் எழுதுகிறாள். ‘ழ’ வரும் பெயர்களில் மட்டும் அந்த ஓர் எழுத்தைத் தமிழில் இடுகிறாள். அடுத்த மாதம் மறுபடியும் நஞ்சன்கூடு செல்வதாக இருக்கிறோம்.