பாட்டு விற்ற பிழைப்பு

சம்பளம் கொடுத்த மறு ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் கடைவீதிக்குத் தனிக் களை வந்துவிடும். டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை என நாலா பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் சனங்கள் இறங்கி வருவார்கள். பழைய பற்றைத் தீர்ப்பவர்கள் ஒருபுறம். பிள்ளைக்குச் சட்டைத் துணி எடுப்பவர்கள் ஒருபுறம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு சும்மா வேடிக்கை பார்க்க வந்த கிழவர்கள் ஒருபுறம். இந்தச் சந்தடிக்கு நடுவே, பஸ் நிலையத்தின் ஓரமாக ஒருவர் நின்று உரத்த குரலில் பாடுவார். அவர் கையில் மஞ்சளும் சிவப்புமான காகிதத்தில் அச்சிட்ட சிறு புத்தகங்கள் இருக்கும். பாட்டு முடிந்ததும் ஒரு பிரதி சில சதம் என்று கூவி விற்பார். முப்பதுகளிலிருந்து அறுபதுகள் வரையில் மலைநாட்டின் கடைவீதிகளில் பழகிப்போன காட்சி இது. வேல்சாமிதாசன் என்ற பெயரைக் கேட்டால் இன்றும் தலையசைக்கும் முதியவர்கள் அங்கே இருக்கக்கூடும்.

அவரைப் பிச்சைக்காரர் என்று எண்ணியவர்களும் உண்டு. அது பெரும் பிழை. அவர் தம் பாட்டைத் தாமே இயற்றினார். தம் கைப்பணத்தைக் கொடுத்து அச்சிட்டார். தாமே சுமந்து சென்றார். தாமே பாடி விற்றார். புலவர், பதிப்பாளர், வியாபாரி என்ற மூவரும் ஒரே சட்டைக்குள் இருந்தார்கள். பொழுதுபோக்காகத் தொடங்கிய ஒரு விருப்பத்தை வீட்டிலிருந்தபடியே வருவாய் தரும் தொழிலாக்கலாமா என்ற கேள்வி இன்று பல இளைஞர்களின் மனத்தில் இருக்கிறது. புதிய கேள்விபோல் தோன்றினாலும், மலைநாடு அதனை நூறாண்டுகளுக்கு மேலாகவே கேட்டு வந்திருக்கிறது.

இந்தக் கதையின் முதல் ஏடு தேயிலைக்கும் முந்தியது. 1869-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்று ஒரு நூல் அச்சாயிற்று. அதை இயற்றிய ஆபிரகாம் ஜோசப் பண்டிதருமல்லர், ஆதீனப் புலவருமல்லர். கண்டி நாட்டுக் கோப்பித் தோட்டம் ஒன்றில் கண்டக்டராக வேலை பார்த்தவர். தாம் நாள்தோறும் செய்து பழகிய தொழிலைக் கும்மி மெட்டில் அமைத்தார். தோட்டத்தின் வேலை முறைகளெல்லாம் அதில் பாட்டாக வந்துவிட்டன. அவர் நின்றது துரைமார் பக்கந்தான். தொழிலாளியின் கண்ணீரை அந்தக் கும்மியில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊர் உலகத்தைப் பற்றிப் பொதுவாக எழுதாமல், தம் கை அறிந்த ஒன்றை எழுதினார். ஆகவே அது நின்றது. விதியின் விளையாட்டைப் பாருங்கள்: நூல் அச்சான அதே 1869-இல்தான் கோப்பி இலையில் துருநோய் முதன்முதலாக இலங்கையில் காணப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பயிர் படுத்தது, தேயிலை எழுந்தது, கும்மி மட்டும் மிஞ்சியது.

அடுத்த ஏடு கோ. நடேசய்யருடையது. தஞ்சாவூரில் அரசாங்க எழுத்தராக இருந்த அவருக்கு வியாபார நுணுக்கங்களைப் படிப்பதிலும் அவற்றை எளிய தமிழில் எழுதுவதிலும் அடங்காத ஆசை. 'வர்த்தகமித்திரன்' என்று ஒரு பத்திரிகையையே நடத்தினார். அதற்கு ஆதரவு தேடிக் கொழும்புக்கு வந்தவர், மலையில் வாழும் தமிழரின் நிலையைக் கேள்வியுற்றார். நேரில் காண விரும்பினார். ஆனால் அக்காலத்தில் தோட்ட எல்லைக்குள் அந்நியர் கால் வைத்தால் அத்துமீறல் வழக்குத்தான். துரையின் அனுமதியின்றி உள்ளே செல்லக்கூடியவர் ஒருவரே: புடைவை மூட்டை சுமந்து வரும் வியாபாரி. நடேசய்யரும் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு புடைவை வியாபாரியாகவே லயங்களுக்குள் நுழைந்தார். துணியை விரித்தார்; பேச்சுக் கொடுத்தார்; கேட்டதையெல்லாம் மனத்தில் குறித்துக்கொண்டார்.

எழுத்தையே நம்பி வாழ நினைப்பவர்கள் அந்த மூட்டையைப் பற்றிச் சற்று யோசிக்க வேண்டும். எழுத்து ஒருவனை வாசல்வரை கொண்டுபோகும். பல சமயங்களில் வீட்டுக்குள் விடுவது வேறொரு சரக்கு. விற்பதற்கு ஏதேனும் ஒரு துணி கையில் இருந்தால் சொல்வதற்கும் இடம் கிடைக்கிறது.

பின்னர் அவர் இலங்கையிலேயே தங்கி 1921-இல் 'தேசநேசன்' பத்திரிகையையும், 1924-இல் 'தேசபக்தன்' பத்திரிகையையும் நடத்தினார். 1931-இல் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு சம்மேளனம் கண்டார். 1936-இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார். 1937-இல் தொழிலாளரின் அந்தரப் பிழைப்பைப் பற்றி ஒரு நாடகமும் எழுதி வெளியிட்டார். 1947-இல் காலமானார். இவை சரித்திரத்தில் ஏறிவிட்ட செய்திகள். அவ்வளவு பேசப்படாதது அவருடைய மனைவியார் மீனாட்சியம்மாளின் பங்கு.

மீனாட்சியம்மாள் பத்திரிகை வேலையிலும் கைகொடுத்தவர்; கூட்டங்களில் பாடியவர். 1939-ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கம் நாட்கூலிக்கு உழைத்த இந்தியரை வேலையிலிருந்து நீக்க முற்பட்டபோது, மலைநாடெங்கும் கலக்கம் பரவியது. அதற்கு அடுத்த ஆண்டில் அம்மையார் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பாட்டுப் புத்தகத்தை வெளியிட்டார். மக்கள் முன்பே அறிந்த மெட்டுகளில் சொற்களை ஏற்றியமைத்த பாட்டுகள் அவை. மேடையில் ஒருமுறை கேட்டவர் வீட்டுக்குப் போய் முணுமுணுக்கலாம். சொல் மறந்தால் புத்தகத்தைப் பார்க்கலாம். இதைவிடச் சிக்கனமான விளம்பரம் வேறு இல்லை. வீட்டுப் பெண்ணுக்கு வீட்டிலிருந்தே ஒரு தொழில் என்று இக்காலத்தில் பேசுகிறோமே, அந்தப் பேச்சுக்கு முன்னோடியாக அவரைச் சொன்னால் மிகையாகாது. அவர் நோக்கம் பணமன்று என்பதும் உண்மை.

கடைவீதிப் பாட்டுக்காரருக்கோ பணமும் வேண்டியிருந்தது. அவர் கணக்கைச் சற்று விரித்துப் பார்த்தால் தொழிலின் எலும்புக்கூடு தெரியும். எட்டுப் பக்கம் என்பது ஒரு காகிதத்தை மடித்தால் வருவது. தைக்கவும் வேண்டாம், அட்டையும் வேண்டாம். எழுத்துக் கோக்கும் கூலி, காகிதம், மை இவற்றுக்கு அச்சுக்கூடத்துக்காரர் கை முன்பணம் கேட்கும். ஆயிரம் பிரதி அடித்தாலும் ஐந்நூறு அடித்தாலும் எழுத்துக் கோக்கும் செலவு ஒன்றே. ஆகையால் அதிகம் அடித்தால் ஒரு பிரதியின் அடக்கவிலை குறையும். விற்காமல் போனால் நட்டம் கூடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுப்பதில்தான் அவருடைய சாமர்த்தியம் இருந்தது. யாப்பிலக்கணம் அதற்கு உதவாது.

அவருக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. லயத்துக்கு ஒருவரோ இருவரோதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள். அவர்களில் ஒருவர் ஒரு பிரதி வாங்கினால் போதும். மாலையில் இஸ்தோப்பில் உட்கார்ந்து அவர் பாட, லயம் முழுவதும் கேட்டுவிடும். புகழ் இருபது காம்பராக்களுக்கும் பரவும்; காசு வந்தது ஒரு பிரதிக்கே. பாட்டுக்காரர் இதை நொந்துகொண்டிருப்பாரா, மகிழ்ந்திருப்பாரா என்று சொல்வது கடினம். கேட்பவர் தொகையையும் வாங்குபவர் தொகையையும் ஒன்றென மயங்கிக் கடன்பட்டவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. இந்தச் சங்கடத்துக்கு அவர்கள் கண்ட வழி, ஓயாமல் புதுப் பாட்டுக் கட்டுவதே. வெள்ளமா, மண்சரிவா, கொலையா, தொழிற்சங்கப் போராட்டமா, 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டமா, 1964-இல் எழுதப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமா, எல்லாம் பாட்டுக்குப் பொருளாயின. பத்திரிகை எட்டாத லயத்துக்கு நாட்டு நடப்பைச் சுமந்து சென்றது பாட்டே.

இத்தகைய பிழைப்பு உலகில் வேறிடங்களிலும் இருந்தது. சென்னைக் குஜிலிக்கடைப் பாட்டுப் புத்தகங்களைத் தமிழர் அறிவர். பிரேசில் தேசத்தின் வடகிழக்கில், சந்தைகளில் கயிறு கட்டி, அதில் சிறு பாட்டுப் புத்தகங்களைத் தொங்கவிட்டு விற்பது வழக்கம். லியான்ட்ரோ கோமஸ் டி பாரோஸ் என்பவர் 1865-இல் பிறந்து 1918-இல் இறந்தவர். இத்தகைய புத்தகங்களை எழுதி, அச்சிட்டு, விற்றே குடும்பத்தைக் காத்தவர்களில் முதல்வராக அவரை அந்நாட்டார் போற்றுகின்றனர். அவ்வூர் விற்பனைக்காரர்களிடம் ஒரு தந்திரம் உண்டு. கதையை உருக்கமாகப் பாடிக்கொண்டே போய், உச்சக்கட்டம் வரும் நேரத்தில் சட்டென்று நிறுத்திவிடுவார்கள். மீதி வேண்டுமானால் புத்தகத்தை வாங்க வேண்டும். மலைநாட்டுச் சம்பள ஞாயிற்றுக்கும் பிரேசில் சந்தைக்கும் இடையே கடல்கள் கிடந்தாலும் இடுப்புப் பையின் கவலை ஒன்றுதான்.

விருப்பத்துக்காகவே பாட்டைத் தேடி அலைந்தவர்களும் மலைநாட்டில் உண்டு. வட்டகொடையை அடுத்த மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914-இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை 1947-இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர். கொழுந்து பறிப்போரின் வாயிலிருந்து நாட்டுப் பாடல்களைத் திரட்டி நூலாகத் தந்தார். 1984-இல் அவர் மறைந்தார். கொட்டகலையில் வாழ்ந்த சாரல் நாடன் தேயிலைத் தொழிற்சாலைப் பணியோடு எழுத்துப் பணியையும் சுமந்தார். நடேசய்யரின் வரலாற்றை 1988-இல் நூலாக்கினார். சாரல் வெளியீட்டகம் என்ற பெயரில் தாமே நூல்களையும் வெளியிட்டார். இவர்களிடம் அடுப்பு எரிந்தது வேறு வருவாயால். அதனால் எழுத்துக்குக் குறைவு வந்ததென்று சொல்ல முடியாது. மாதக் கடைசியில் விற்றே தீரவேண்டும் என்ற நெருக்கடி இல்லாத காரணத்தால், விலைபோகாத உண்மைகளையும் அவர்களால் எழுதிவைக்க முடிந்தது.

இன்று ஒரு தோட்டத்து வீட்டில், கட்டுபொல்லில் சித்திரம் செதுக்கத் தெரிந்த ஓர் இளைஞர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அல்லது லயத்து முன்றிலில் கரட்டும் லீக்ஸும் பயிரிட்டு, எந்த மண்ணுக்கு எந்த எரு என்று அனுபவத்தால் அறிந்த ஒரு பெண். அல்லது தப்பின் அடிவகைகளையும் காமன் கூத்தின் பாட்டுகளையும் தம் தகப்பனாரிடமிருந்து கற்ற ஒருவர். அவர்கள் அறிந்ததை எழுதவும், படம் பிடிக்கவும், உலகின் மறுகோடிக்கு அனுப்பவும் கைத்தொலைபேசி ஒன்றே போதுமென்ற காலம் வந்துவிட்டது. அச்சுக்கூடத்துக்கு முன்பணம் வேண்டாம். ஆனால் பாட்டுக்காரரின் மற்றக் கவலைகளில் ஒன்றும் குறையவில்லை.

முதலாவது, வேலையை உதறிவிட்டு இதில் இறங்கலாமா என்பது. செக்ரோலில் பேர் விழுந்தால்தான் அரிசி வேகும் வீட்டில், பொழுதுபோக்கை நம்பிப் பேரை விட்டுவிடுவது வீரமாகாது. சம்பள நாளிலும் திருவிழாவிலுமே பாட்டுக்குச் சந்தை கூடியது. இடைப்பட்ட நாட்களின் அடுப்புக்கு வேறு வழி வேண்டியிருந்தது. ஓர் ஆண்டேனும் மாலை நேரத்தை மட்டும் இதற்கு ஒதுக்கி, வரவையும் செலவையும் ஒரு கொப்பியில் எழுதிவந்தால், இது தொழிலா, வெறும் ஆசையா என்பதை அந்தக் கொப்பியே சொல்லிவிடும். தம் உழைப்பின் நேரத்தையும் செலவில் எழுத வேண்டும். பெரும்பாலோர் இதை எழுதுவதில்லை. ஆகையால் இலாபம் போலத் தெரியும்.

வருவாய் எங்கிருந்து வரும் என்பது அடுத்தது. எழுதியதைப் படிக்கக் காசு கொடுப்பவர் சிலரே. சித்திரத்தைப் பற்றி எழுதுபவரிடம் சித்திரத்தை வாங்குவார்கள். பயிரைப் பற்றி எழுதுபவரிடம் விதையும் கன்றும் கேட்பார்கள். தப்பைப் பற்றி எழுதுபவரிடம் பிள்ளைகளைக் கற்க அனுப்புவார்கள். கடைக்காரர் விளம்பரம் தருவதும் உண்டு. ஆனால் அவர் சரக்கைப் பொய்யாகப் புகழ்ந்தால், மறு சம்பள ஞாயிற்றில் கூட்டம் நில்லாது. நடேசய்யரின் புடைவை மூட்டையை இங்கே மறுபடியும் நினைத்துக்கொள்ளலாம்.

கடைவீதிப் பாட்டுக்காரரின் கதை எப்படி முடிந்தது? மெட்டுத் தந்த சினிமாவே அவருக்குப் போட்டியாயிற்று. வானொலிப் பெட்டி லயங்களுக்குள் வந்தது. இந்த ஒலிபரப்பும் அந்தப் பழியில் பங்குடையது. எட்டுப் பக்கக் காகிதம் கூரை ஒழுக்கிலும் அடுப்படியிலும் அழிந்தது. சிலவற்றை ஆர்வலர்கள் பெட்டிகளில் காத்தார்கள். 2005-இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகத் திட்டம், இலங்கைத் தமிழரின் பழைய ஏடுகளைப் படியெடுத்து யாவரும் படிக்க வைத்திருக்கிறது. ஆயினும் அச்சேறிப் பாடி விற்கப்பட்டவற்றில் பெரும்பகுதி போயிற்று.

கடைவீதியில் விளக்கு ஏற்றும் நேரத்தில் பாட்டுக்காரரும் மூட்டை கட்டினார். விற்காத பிரதிகளை எண்ணினார். அச்சுக்கூடத்துப் பாக்கியைத் தனியே முடிந்துகொண்டார். மீந்ததில் வீட்டுக்குக் கொஞ்சம் சீனியும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு மலையேறினார். விடிந்தால் பிரட்டுக்களத்துக்குப் போக வேண்டும். வழியில் தேநீர்க் கடையில் ஒரு புதுப் படப் பாட்டுக் கேட்டது. மெட்டு நன்றாயிருந்ததனால் சற்று நின்றார்.