படிப்பகத்தில் அடுத்து எதைச் சேர்ப்பது?
(வெள்ளி விழாக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



கீற்றுக் கொட்டகையில், இரண்டு விசிப்பலகைகளும் ஒரு நாளேடுமாகத் தொடங்கிய நம் படிப்பகத்துக்கு இன்று அகவை 25. விழா நிதியில் செலவு போக எஞ்சியுள்ள தொகையைக் கொண்டு புதிய வசதி எதைச் சேர்க்கலாம் என்று உறுப்பினர்களைக் கேட்டிருந்தோம். ஆலோசனைகள் குவிந்தன. அண்ணல் அம்பேத்கரின் முழு உருவச் சிலை, குளிர்சாதனம், பெரிய தொலைக்காட்சி, உடற்பயிற்சிக் கருவிகள், புதிய கணிப்பொறிகள், போட்டித் தேர்வு நூல்கள், ஆங்கிலப் பேச்சு வகுப்பு எனப் பட்டியல் நீண்டது. அவற்றுக்கிடையே நான்காக மடித்த தாள் ஒன்று. பென்சிலால் எழுதப்பட்டிருந்தது, பெயர் இல்லை. பெண் பிள்ளைகள் வீட்டு வேலை முடித்து வரும்போது படிப்பகம் பூட்டியிருக்கிறது, திறந்திருக்கும் நேரத்திலோ உள்ளே நுழையக் கூச்சமாயிருக்கிறது என்பதே அதன் செய்தி. காசு கேளாத ஆலோசனை அது ஒன்றுதான். அதனாலேயே அதை முதலில் ஒதுக்கிவிட்டோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

நம் முன்னோர் இத்தகைய நேரத்தில் எதை எண்ணிப் பார்த்தனர்? 1907ஆம் ஆண்டு அயோத்திதாசப் பண்டிதர் இதழ் தொடங்கியபோது அதற்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயரிட்டார். வாங்குவோனின் மடியில் என்ன இருக்கும் என்பதை எண்ணி, விலையையே பெயராக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். பகலில் வேலைக்குச் செல்லும் ஏழை மாணவரும் படிக்க வேண்டுமென்று அங்கே காலை வேளையில் வகுப்புகள் நடந்தன. கல்லூரியின் அழகுக்கு முன்னர் மாணவனின் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அந்தக் கடிகாரத்தை நாம் பார்த்தோமா?

இவ்விடத்தில் நம் குறையொன்றைச் சொல்லியாக வேண்டும். மூன்றாண்டுகளுக்கு முன் நம் தெருவிலிருந்து மேற்படிப்புக்குச் சென்ற மாணவி ஒருவருக்கு, பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை வந்து சேரவில்லை. தகுதியில் குறையில்லை, சாதிச் சான்றும் வருமானச் சான்றும் சரியாகவே இருந்தன. 2021 முதல் இத்தொகையில் மத்திய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேரே வருகிறது. அக்கணக்கு ஆதார் எண்ணோடு இணைந்திருத்தல் வேண்டும். அவர் கணக்கு இணைக்கப்படவில்லை. அதைத் தெரிவிக்கும் குறுஞ்செய்தி, தந்தையார் கைவிட்ட பழைய கைப்பேசி எண்ணுக்குப் போயிற்று. கல்லூரி கட்டணம் கேட்டது. தாயார் கம்மலை அடகு வைத்தார். அதுவும் போதாமல் இரண்டாம் பருவத்தில் அம்மாணவி வீடு திரும்பினார்.

அதே மாதத்தில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? நுழைவாயில் வளைவுக்கு எந்த நீலம் பூசுவது என்று மூன்று கூட்டங்கள் நடத்திக்கொண்டிருந்தோம். நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் மூன்றும் பதிவாகியுள்ளன. வளைவுக்கும் அவர் வீட்டுக்கும் இடையே நாற்பதடி தூரம்கூட இராது. அவர் இன்று இந்த அவையில்தான் அமர்ந்திருக்கிறார். அவருடைய இசைவு பெற்றே இதைச் சொல்கிறோம்.

1944ஆம் ஆண்டு, அண்ணல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில், தாழ்த்தப்பட்ட மாணவருக்கென்று இவ்வுதவித்தொகைத் திட்டம் தொடங்கப்பெற்றது. அன்று போராடிப் பெற்றது, இன்று ஒரு கைப்பேசி எண் மாறியதால் கைநழுவுகிறது. இதற்குச் சட்டமன்றம் வரை செல்ல வேண்டியதில்லை. விவரம் தெரிந்த ஒருவர் அரைமணி நேரம் உடன் அமர்ந்தால் போதும்.

ஆகவே இரண்டை முதலில் மேற்கொள்வதென்று குழு முடிவு செய்துள்ளது. ஒன்று, படிப்பகத்தின் நேரம். இனி இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும். ஏழிலிருந்து ஒன்பது வரை உள்ளறை மாணவியருக்கு மட்டும். அவ்வறையிலுள்ள கேரம் பலகை வெளித் திண்ணைக்குப் போகும். இளைஞர் சிலர் முணுமுணுத்தனர். திண்ணையில் காற்று நன்றாகவே வரும்! வீடு திரும்பும் பிள்ளைகளுக்குத் துணையாகச் செல்லத் தாய்மார் நால்வர் முன்வந்துள்ளனர்.

மற்றொன்று, விண்ணப்ப உதவி மேசை. ஒரு கணிப்பொறி, ஓர் அச்சுப்பொறி, ஒரு பேரேடு. பேரேட்டில் தெருவிலுள்ள ஒவ்வொரு மாணவரின் பெயருக்கும் ஒரு பக்கம்: எந்தச் சான்று இருக்கிறது, வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்துள்ளதா, கைப்பேசி எண் மாறியதா, விண்ணப்பம் எந்த நிலையில் நிற்கிறது என்பன அதில் எழுதப்படும். அப்பேரேடு பூட்டிய அலமாரியில் இருக்கும். ஒரு வீட்டின் வருமானம் மறு வீட்டுக்குத் தெரிய வேண்டியதில்லை.

கணிப்பொறி ஒன்றுதானா என்று கேட்பீர்கள். முன்னர் நன்கொடையாக வந்த இரண்டும் சாக்குப்பை போர்த்தி மூலையில் கிடக்கின்றன. மின்கட்டணம் யார் செலுத்துவது, பழுது யார் பார்ப்பது என்று கேளாமல் வாங்கியதன் பயன் அது. இந்த ஒன்றை ஓராண்டு ஓட்டிக் காட்டியபின் அடுத்ததைப் பேசுவோம். போட்டித் தேர்வு நூல்களைப் பாடத்திட்டம் பார்த்துச் சிறிது சிறிதாக வாங்குவோம். குளிர்சாதனமும் தொலைக்காட்சியும் வேண்டா.

சிலையைக் குறித்துத்தான் குழுவில் நெடுநேரம் பேசினோம், குரல்களும் உயர்ந்தன. பொது இடத்தில் நடக்கவே தடை இருந்த மக்களுக்கு, தம் தலைவரின் சிலை தம் தெருவில் நிமிர்ந்து நிற்பது வெறும் அலங்காரமன்று. அதைக் கேட்ட மூத்தோர் பட்ட அவமானங்களை நாம் படவில்லை. எனவே மறுக்கவில்லை, அதற்கெனத் தனி நிதி திரட்டுவோம். உதவி மேசைக்குரிய பணத்தை அதற்கு எடுப்பதில்லை என்று மட்டும் தீர்மானித்தோம். இம்முடிவை ஏற்காத இரு மூத்த உறுப்பினர்களின் கருத்தும் குறிப்பேட்டில் எழுதப்பட்டுள்ளது.

மேசை இருந்தால் போதாது. உட்கார ஆள் வேண்டும். பட்டப்படிப்பு முடித்தோர், அரசுப் பணியில் உள்ளோர், கல்லூரியில் பயில்வோர் வாரத்துக்கு ஒரு மாலை தந்தால் போதும். பொறுப்பேற்கும் முன் ஒரு ஞாயிறு முழுவதும் பயிற்சி உண்டு. மேடைக்கு இடப்புறம் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். அதில் பெயரையும் வரக்கூடிய கிழமையையும் எழுதுங்கள். திங்கட்கிழமைக்கு முதற்பெயர் எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர் அந்த மாணவி. மற்ற ஆறு நாட்களும் காலியாக இருக்கின்றன.