கரையில் இருப்பவர் கண்ணே காவல்!

தலைப்பு: ஆறுகள் தூய்மை பெறப் பெரிதும் துணை நிற்பது சட்டத்தின் கண்டிப்பா? மக்களின் கண்காணிப்பா?
இடம்: மாரண்டஹள்ளி
அணி: மக்களின் கண்காணிப்பே!

மாண்புமிகு நடுவர் அவர்களே! 'சட்டம், சட்டம்' என்று முழங்கிவிட்டு, தொண்டை வறண்டு இப்போது தண்ணீர் தேடிக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) தக்காளி விளைவிக்கும் மாரண்டஹள்ளிப் பெருமக்களே! வீட்டில் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

எதிரணித் தலைவர் ரொம்ப அழகாகப் பேசினார். 1974-லேயே நீர் மாசு தடுப்புச் சட்டம் வந்தாச்சு. 1982-ல் தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வந்தாச்சு. ஆய்வகம் இருக்கு, அதிகாரி இருக்கார். அப்புறம் எதுக்கய்யா ஜனங்க பாட்டிலைத் தூக்கிக்கிட்டு ஆத்துக்குப் போகணும்னு கேட்டார்.

நான் ஒன்னு கேக்கறேன் நடுவர் அவர்களே. ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல்னு கண்டுபிடிச்சது யாரு? டாக்டரா? நெத்தியில கை வச்சுப் பார்த்த அம்மா! மருந்து எழுதறது டாக்டர்தான், நான் மறுக்கலை. ஆனா 'சாயங்காலத்துல இருந்து சுடுது, ரெண்டு தடவை வாந்தி எடுத்தான்'னு அம்மா சொன்னாத்தானே டாக்டருக்கு வழி தெரியும்? ஆத்துக்கும் நெத்தி இருக்குங்க. அதுல கை வைக்கிறது கரையில குடியிருக்கிறவன்! (கைதட்டல்)

கதை சொல்றேன்னு நினைக்காதீங்க. ஆதாரம் தர்றேன். 1991-ல் வேலூர் மக்கள் நலப் பேரவை உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. தோல் பதனிடும் ஆலைக் கழிவால பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டுப்போச்சுன்னு முறையீடு. அந்த வழக்குல திண்டுக்கல் பக்கத்துக் கணக்கு ஒன்னு வருது. ஒரு தன்னார்வ அமைப்பு 13 கிராமங்களுக்குப் போய்க் கிணறு கிணறாப் பார்த்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் இருந்த கிணறுகள் 467. அதுல கெட்டுப்போனது 350!

'தண்ணி ரொம்ப மோசமுங்க'ன்னு சொன்னா அது புலம்பல். '467-ல் 350'ன்னு சொன்னா அது கணக்கு. புலம்பலைக் கேட்டு ஐயோ பாவம்னு சொல்லலாம். கணக்குக்குப் பதில் சொல்லியே ஆகணும்! அந்த எண்ணிக்கை தீர்ப்பிலேயே பதிவாச்சு. 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த அந்தத் தீர்ப்புதான், 'கெடுத்தவனே செலவை ஏற்கணும்' என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டம்னு உறுதியாச் சொன்னது.

உடனே எதிரணியில ஒரு புன்னகை. 'பார்த்தீங்களா, கடைசியில சட்டம்தானே ஜெயிச்சுது'ங்கிறாங்க. இருங்க, அவசரப்படாதீங்க! 2025 ஜனவரி 30. அதே பாலாறு, அதே தோல் கழிவு, மறுபடியும் உச்ச நீதிமன்றம்! பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்க, கண்காணிக்கக் குழு போடுங்கன்னு மறுபடியும் உத்தரவு. இத்தனை வருஷம் கழிச்சு அந்த வழக்கை அங்கே கொண்டுபோனது யாரு? வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு! பேரிலேயே கண்காணிப்பு இருக்குதய்யா! தீர்ப்பு ஒரு நாள்ல வரும். ஆறு தினமும் ஓடுது. தினமும் பார்க்க ஆள் வேணாமா? (கைதட்டல்)

'கண்ணால பார்த்தா தெரியாதா, அளக்கணுமா?'ன்னு நம்ம ஆட்களே கேட்கலாம். தருமபுரிக்காரங்களுக்கு நான் சொல்லணுமா? பளிங்கு மாதிரி இருந்த கிணத்துத் தண்ணிதான் பிள்ளைங்க பல்லைக் கறையாக்கிச்சு. ஃப்ளோரைடு கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் தாண்டிடுச்சுன்னு அளந்து சொன்ன பிறகுதானே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே உருவாகி, 2013-ல் தண்ணி வந்தது!

சரி, சாதாரண ஜனங்க என்ன பண்ண முடியும்? உங்க சின்னாற்றையே எடுத்துக்குவோம். பஞ்சப்பள்ளியில அணை, இந்தப் பக்கமா இறங்கி ஒகேனக்கல்லில் காவிரியோட சேருது. ஊருக்கு மேலே ஒரு இடம், ஊரை ஒட்டி ஒரு இடம், ஊருக்குக் கீழே ஒரு இடம். மாசம் ஒரு நாள், அதே தேதி, அதே நேரம். நிறம், வாடை, நுரை, வெப்பம், அமிலத்தன்மை. ஒரு நாற்பது பக்க நோட்டு. அவ்வளவுதான்!

இன்னொன்னு. ஆத்துக் கல்லைப் புரட்டிப் பாருங்க. மூணு வால் உள்ள சின்னப் பூச்சிக்குஞ்சு ஒட்டிக்கிட்டிருந்தா நல்ல தண்ணி. அதுக்கு ஆக்ஸிஜன் நிறைய வேணும். அது எதுவுமே இல்லாம, சேத்துல செக்கச்செவேல்னு புழு மட்டும் நெளிஞ்சா ஆறு மூச்சுத் திணறுதுன்னு அர்த்தம். அமெரிக்காவில் 1969-லிருந்து தன்னார்வத் தொண்டர்கள் இப்படிக் கல்லைப் புரட்டித்தான் ஓடைகளுக்குக் கணக்கு எழுதறாங்க. பள்ளிக்கூடப் பிள்ளைகளாலும் முடியும். ஆனா வெள்ளம் வரும்போது வேணாம். பெரியவங்க துணையோடதான் இறங்கணும்!

இந்த நோட்டு எதுக்கு உதவும்? மேலே நல்லாயிருக்கு, கீழே கெட்டிருக்குன்னா நடுவுல ஏதோ கலக்குது. நடுவுல இன்னும் ரெண்டு இடத்துல பாருங்க; எந்தச் சாக்கடைன்னு தெரிஞ்சுபோகும். வீட்டுக் கழிவுநீர்னா ஒரு வைத்தியம். குப்பைமேடுன்னா வேற வைத்தியம். வயலிலிருந்து வரும் உரம்னா இன்னொரு வைத்தியம். இது தெரியாம ஆறு முழுக்கத் தூர்வாரினா, வயித்து வலிக்குக் காலில் கட்டுப் போட்ட கதைதான்! (சிரிப்பு)

2018-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பட்டியல் போட்டது. நாடு முழுக்க 351 மாசடைந்த ஆற்றுப் பகுதிகள். தமிழ்நாட்டில் ஆறு: காவிரி, பவானி, தாமிரபரணி, சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்ட நதி. இதுகளுக்கெல்லாம் சீரமைப்புத் திட்டம் போடச் சொல்லிப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. அந்தப் பட்டியலில் சின்னாறு இல்லை. சந்தோஷப்படலாமா? பட்டியல் எப்படி வருது? அளந்த இடத்திலிருந்து வருது. அளக்காத ஓடை பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை நடுவர் அவர்களே, ஆப்சென்ட்! ஆப்சென்ட் ஆன பிள்ளைக்கு யார் டியூஷன் எடுப்பா? (பலத்த கைதட்டல்)

ஒன்னை ஒத்துக்கறேன். வழக்குன்னு வந்தா, வாரிய அதிகாரி முறைப்படி எடுத்த மாதிரிதான் செல்லும். நம்ம பாட்டில் சாட்சி சொல்லாது. ஆனா அந்த அதிகாரி எந்த இடத்துக்கு, எந்த நேரத்துக்கு வந்தா கையும் களவுமாப் பிடிக்கலாம்னு நம்ம நோட்டு சொல்லும்! மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தை ஒட்டி, ஊராட்சிகளில் கிராமசபை கூட்ட ஏற்பாடு இருக்கு. பேரூராட்சியிலும் மன்றம் கூடுது. வெறுங்கையோட போய்க் கத்தினா, 'உட்காருங்க'ம்பாங்க. பன்னிரண்டு மாசக் கணக்கோட போங்க. 'உட்காருங்க'ன்னு நாற்காலி போடுவாங்க! (சிரிப்பு, கைதட்டல்)

ஆகவே நடுவர் அவர்களே, சட்டம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சட்டத்துக்குக் கை உண்டு. எங்கே நீட்டுவது என்று காட்டும் கண் மக்களிடம்தான் இருக்கிறது. எனவே ஆறுகள் தூய்மை பெறப் பெரிதும் துணை நிற்பது மக்களின் கண்காணிப்பே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.