தேனீ என்றொரு சொல்



என் மகள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லும் போட்டி. பேர் 'ஸ்பெல்லிங் பீ'. "பீன்னா தேனீதானே, போட்டிக்கு எதுக்கும்மா அந்தப் பேரு?" என்று கேட்டாள். சிரிக்காதீங்க! நம்ம காதுக்கு அந்தச் சத்தம் வேற மாதிரிதான் கேட்கும்.

தேடிப் படித்தேன். அமெரிக்காவில் அக்கம்பக்கத்தார் ஒரு வீட்டில் கூடி, கூலி வாங்காமல் ஒரு வேலையை முடித்துக் கொடுப்பதற்கும் 'பீ' என்றே பெயர். 1769-ல் பாஸ்டன் செய்தித்தாள் ஒன்றில் இந்தச் சொல் வருகிறது. சுமார் இருபது இளம்பெண்கள் ஒரு வீட்டில் கூடி நூல் நூற்றார்களாம். நாட்டுப்புறத்தில் இதை 'பீ' என்பார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அப்போது அங்கே இங்கிலாந்தின் ஆட்சி. வரியை எதிர்த்து, இங்கிலாந்துச் சரக்கை வாங்க மாட்டோம் என்று ஜனங்கள் நின்ற நேரம். துணிக்கு நூல் வேண்டுமே! பெண்கள் ராட்டையோடு உட்கார்ந்தார்கள்.

மக்காச்சோளத் தோகை உரிக்க ஒரு பீ, களஞ்சியம் கட்ட ஒரு பீ. எனக்குப் பிடித்தது 'குயில்ட்' தைக்கும் பீ. குயில்ட் என்றால் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கிற கனமான போர்வை. மரச்சட்டத்தில் அதை இழுத்துக் கட்டி, சுற்றிலும் உட்கார்ந்து தைப்பார்கள். ஒருத்தியே தைத்தால் வாரக்கணக்கில் இழுக்கும். வீட்டுக்காரி சாப்பாடு போடுவாள். அடுத்த தடவை இன்னொருத்தி வீட்டுக்கு இவளும் ஊசியோடு போகணும்.

தேனீக்கள் மாதிரி சேர்ந்து உழைப்பதால் வந்த பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பழைய இங்கிலீஷில் 'வேண்டுதல்' என்று பொருள்படும் ஒரு சொல், அக்கம்பக்கத்தார் செய்யும் உதவியைக் குறித்து, அப்படியே தேய்ந்து 'பீ' ஆகியிருக்கலாம் என்கிறார்கள் அகராதிக்காரர்கள். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. கேட்டால்தானே உதவி வரும்? கும்பல் கூடி ஒரு மனுஷனைத் தூக்கில் போட்டதையும் இதே சொல்லால் சொன்ன காலம் உண்டு. எழுத்துப் போட்டிக்கு இந்தப் பெயர் பரவியது 1870-களில்.

படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. ஐப்பசி மழையில் எங்க குழு அக்கா ஒருத்தர் வீட்டுச் சுவர் விழுந்தது. கூட்டம் போட்டு, தீர்மான நோட்டில் எழுதி, கடன் கொடுத்தோம். மண் அள்ள ஒருத்தரும் போகலை. நானும் போகலை. கடனில் பாதி ஆள்கூலிக்கே போச்சு. சுவர் இடுப்பு உயரத்தில் நிற்குது. தவணையை மட்டும் மாசம் தவறாமல் கட்டுறாங்க.

வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நாங்க ஆறு பேர் மண்வெட்டி, சாந்துச்சட்டியோடு அங்கே போறோம். கொத்தனார் வர்றார், சாந்து குழைக்கவும் கல் எடுத்துக் கொடுக்கவும் ஆள் வேணும். மதியச் சாப்பாடு அக்கா வீட்டில். வரக்கூடியவங்க கூட்டம் முடிஞ்சதும் என்கிட்ட பேர் கொடுங்க.